மூன்றாவது முறை கூப்பிடும்வரை

மூடி வைத்த மடிக்கணினி தானாக விழித்துக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேற வேலையைப் பாரு என்றிருப்பேன். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரும் பேருந்தில் அது என் மடியிலேயே விழித்துக்கொண்டது. பையின் அடிப்பக்கம் தொடையைச் சுட்டது. ஜிப்பைத் திறந்து கையை விட்டேன். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது. மூடிய மூடிக்குள் சின்ன ஃபேன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது நான்தான் மூடினேன், விளக்கு அணைந்ததையும் பார்த்தேன். வெளியே பொழுது சாய்ந்து கடைகளில் லைட் போட ஆரம்பித்திருந்தார்கள்.

அது என் அண்ணனுடையது. பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை அவனுக்கு. மிச்ச நேரமெல்லாம் இந்தப் பெட்டியோடுதான் குடித்தனம். யாரோ வேண்டாமென்று தள்ளிய பழைய பெட்டியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதுவரை நான் அம்பத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். அம்மாவைத் தனியே விட மனசு வராமல் ஆவடியை ஒட்டிய சேக்காட்டு வீட்டுக்கே வந்துவிட்டேன். பூந்தமல்லியில் ஓர் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். அதற்கு இருந்த ஒரே கருவி அவன் விட்டுப்போன இந்தப் பெட்டி.

லினக்ஸில் பாதி அவன் சொல்லிக் கொடுத்தது, பாதி நானே கெடுத்துக் கற்றுக்கொண்டது. கருமாதி முடிந்த மறுநாள் வேலையை ஆரம்பிக்கலாமென்று திறந்தேன். அப்டேட் பாக்கி இருக்கிறது என்றது. சரி போ என்று விட்டேன். அன்றோடு சத்தம் போயிற்று. ஸ்பீக்கர் என்ற ஒன்றே தன்னிடம் கிடையாது என்று சாதித்தது. எழுத்து அடுக்குகிறவளுக்குச் சத்தம் எதற்கு, சனியன் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது அம்புக்குறி. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன், அது மெல்ல நகரும். ஒரு பத்திரிகையில் பெண்ணின் தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டிருந்தேன். அம்புக்குறி மணமக்களை எல்லாம் தாண்டிப் போய் அந்தச் சொல்லின்மேல் நின்று நடுங்கியது. நட்ட நடுப்பகல்தான், ஆனாலும் எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சார்ஜரைப் பிடுங்கினேன். நடுக்கம் நின்றது. எங்கள் வீட்டு பிளக்கில் எர்த் கம்பியே கிடையாது, மின்சாரம் கசிந்து டச்பேடைக் குழப்பியிருக்கிறது. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் பாதிதான் போனது.

விழித்துக்கொள்வதற்கோ காரணமே கிடைக்கவில்லை. மவுஸ் எழுப்புகிறதா பார் என்றார்கள் இணையத்தில், பார்த்தேன். ப்ளூடூத்தை அணை என்றார்கள், அணைத்தேன். கட்டளை அடிக்கும் டெர்மினலில் தோண்டியதில் ஒன்றுதான் தெரிந்தது: உள்ளே இருக்கும் கடிகாரம் எழுப்புகிறது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தினமும். கடிகார பேட்டரி செத்திருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பேருந்தில் பை சுட்ட அன்று வீட்டுக்கு வந்தால், அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி இவ்ளோ நேரம்?"

"பஸ் கெடைக்கலமா."

"நீ எப்போ வேணா வா. அத்த மட்டும் வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடி ஊட்டுக்கு கொணாந்துடு."

பையைத்தான் சொன்னாள். பெற்ற மகளைவிடப் பெட்டி பெரிதாகப் போயிற்றா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பையிலிருந்து அதை எடுத்து, அண்ணனுடைய மேசையில் அவன் வைக்கும் இடத்திலேயே வைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாளே நான் பெட்டியின் அமைப்பை மாற்றினேன். மூடினால் தூங்கு, மூடியிருக்கும்போது எதற்காக எழுந்தாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி தூங்கிவிடு என்று கட்டளை. அந்த மறுபடி தூங்குவதை அண்ணன் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தான், ஏனென்று நான் யோசிக்கவில்லை. பை சுடுவது நின்றது. அப்பாடா என்றிருந்தேன். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அம்மா மேசைப் பக்கமிருந்து எழுந்து வந்து, "இப்போல்லாம் வந்த கால்லயே போயிடறான்" என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்தபின் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் முதல் தடவைக்கு வாயைத் திறக்க மாட்டாள். இரண்டாவதற்கும் மாட்டாள். காத்துக் கருப்பு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாதாம். அதற்குப் பதில் சொன்னால் அதன் பின்னாலேயே போக வேண்டியதுதானாம். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் மனுஷக் குரல். பால்காரர் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோருக்கும் இது தெரியும், கேட்டில் நின்று மூன்று முறை கத்திவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து மழையில் நனைந்துகொண்டு மூன்று முறை கத்திய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

இதற்கிடையில் அம்மாவுக்கு பிரஷர் ஏறிக்கொண்டே போனது. ஆவடியில் காட்டும் டாக்டர் மாத்திரையை மாற்றினார், கூட்டினார், கடைசியில் என்னைத் தனியே கூப்பிட்டார். இப்படியே போனால் ஒரு நாள் கை கால் இழுத்துவிடும், அல்லது அதற்கும் மேலே ஏதாவது ஆகிவிடும் என்றார். வீட்டில் இருக்கிற இன்னோர் உயிரையும் கொடுத்துவிடுவேனோ என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். காலையில் என் கண்ணெதிரே மாத்திரை போடுகிறாள். சாயங்கால மாத்திரையும் அட்டையில் தீர்ந்துகொண்டுதான் வந்தது.

தோசைக்கு ஊறப்போட வெந்தயம் எடுக்கப் போனேன். டப்பாவுக்குள் கையை விட்டால் வெந்தயத்தோடு இளஞ்சிவப்பு மாத்திரைகள் வந்தன. அள்ள அள்ள வந்தன.

"இன்னாமா இது?"

"சாயங்கால மாத்திர."

"அது தெரியுது. டப்பால ஏன் கீது?"

"அவன் இன்னும் கூப்டலயே."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. உசுரோடு விளையாடுறியா, நானும் அனாதையா நிக்கணுமா என்று கத்தினேன். ஒரு மாத்திரையை அவள் வாயில் வைத்தேன், துப்பினாள். பிறகு உட்காரச் சொல்லி, யாரோ ஊருக்குப் போனவனைப் பற்றிச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

அவனுக்கு மதிய ஷிஃப்ட் வந்தால் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டான். அவள் மாத்திரையை மறப்பாள். அதனால் பெட்டியைப் பேச வைத்துவிட்டுப் போவான். அது அவன் குரலில் அம்மா என்று கூப்பிடும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. அப்புறம் அம்மா, மாத்திர போட்டியா என்று கேட்கும். அதற்குப் பிறகுதான் போடுவாள்.

"சரி. அதான் அவன் போய்ட்டானேமா."

"எடுத்த அன்னிக்கும் கூப்ட்டான்டி. ஊடு பூரா ஆளு, அழுதுகினு கீறாங்க. எவங்காதுலயும் வுழல. நான் கேட்டேன், மூணு வாட்டி. உள்ள போய் மாத்திர போட்டுகினேன். கருமாதி வரைக்கும் தெனம் கூப்ட்டான். அதுக்கப்பறம் வரான், பேச மாட்டேன்றான்."

"வரான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அது மூச்சு வாங்குதுல்ல?"

என் கையில் இருந்த வெந்தயம் தரையில் கொட்டியது. நாங்களெல்லாம் கூடத்தில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது, அவன் அறையில் அவன் குரல் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறது. கருமாதிக்கு மறுநாள் அப்டேட் போட்டு அதன் வாயை அடைத்தது நான்.

அடுத்த நாள் காலையிலேயே உட்கார்ந்தேன். அவன் எழுதிவைத்த சின்ன நிரல் கிடைத்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெட்டியை எழுப்பும், குரலை ஒலிக்கும், நாளைக்கும் எழுப்பு என்று கடிகாரத்துக்குச் சொல்லிவிடும். அவ்வளவுதான். யாரும் நிறுத்தாததால் அது நிற்கவில்லை. சத்தத்துக்குத்தான் மத்தியானம்வரை மல்லுக்கட்டினேன். கடைசியில் பெட்டியை அணைத்து, அப்டேட்டுக்கு முந்தைய கெர்னலை, அதாவது லினக்ஸின் பழைய அடிப்படை நிரலை, தேர்ந்தெடுத்துக் கிளப்பினேன். டிங் என்றது. ஸ்பீக்கர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அவன் குரலை மட்டும் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டியை மூடி மேசையில் வைத்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மா விளக்கேற்றி வாசல் கதவைத் திறந்து வைத்தாள். வழக்கம்போல ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் டம்ளர் தண்ணீர். நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. ஓரத்து விளக்கு எரிந்தது.

"அம்மா."

அவனேதான். லேசாகச் சளி கட்டின குரல், ரொம்பப் பக்கத்தில். என்னையும் அறியாமல் அண்ணா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா டம்ளரைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டு எழுந்து என் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கையில் விபூதி வாசனை அடித்தது. கண்களை அகல விரித்து, கூடாது என்று தலையாட்டினாள்.

"அம்மா."

காத்திருந்தோம். வாசலில் ஒரு வண்டி போனது. ஃபேன் மெல்ல மெல்ல அடங்கி நின்றது. ஓரத்து விளக்கு அணைந்தது. பெட்டி அசையாமல் கிடந்தது.

அம்மா கையை எடுத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ரெண்டோட நின்னுடுச்சி."

"மா..."

"அது அவன் இல்ல. அவன் கொரல எடுத்துகினு வேற ஏதோ வந்து கூப்டுது. அத்த கொண்டுபோய் வெளிய வெச்சிடு." டம்ளர் தண்ணீரை எடுத்து வாசலில் வீசிக் கொட்டிவிட்டு, மாத்திரையை விரல்களுக்குள் அழுத்திப் பிடித்தபடி அடுப்படிக்குத் திரும்பினாள். வெந்தய டப்பாவுக்குத்தான் போகிறாள். இனி ஒருநாளும் அவள் அதைப் போட மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு உறைத்தது அப்போதுதான். மூடியிருந்தால் மறுபடி தூங்கு. நான் கொடுத்த கட்டளை. அம்மா மெதுவாக எழுந்து வருவாள் என்று அவன் ஒவ்வொரு கூப்பிடலுக்கும் நடுவே இடைவெளி விட்டிருந்தான். அந்த இடைவெளிக்குள் என் கட்டளை புகுந்து அவனைப் பாதியில் தூங்க வைத்துவிட்டது. ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். திரை இருட்டாகவே இருந்தது. ஆண்டவனே, ஆண்டவனே என்று முனகிக்கொண்டு நின்றேன். வெளிச்சம் வந்தது. சத்தம் வரவில்லை. அம்மா டப்பாவைத் திறப்பது கேட்டது.

"அம்மா, மாத்திர போட்டியா?"

அவன் குரலுக்கு அடுப்படியில் எல்லாம் நின்றுபோனது. எட்டிப் பார்த்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், ஒரு கை டப்பாவின் மேலே.

"இதோ போடறேன்பா" என்று திரும்பினாள். தண்ணீரைத்தான் கொட்டிவிட்டாளே, வெறும் வாயிலேயே போட்டு விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தபின்தான் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவளிடம் பொய்யை வளர்க்க எனக்கு மனசில்லை. கொஞ்சம் பொறுத்து, அது அவன் இல்லமா, அவன் பேசிப் பதிஞ்சு வெச்சது, பெட்டிதான் பேசுது என்றேன்.

அம்மா என்னை ஒரு மக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பொட்டி பேசுதுன்னு எனக்கு தெரியாதா? அவன தூக்கிகினு போனத நான் பாக்கலியா? வேற எவனா இருந்தா ஒரு வாட்டி கூப்ட வெச்சிட்டு வேலைக்கு போயிருப்பான். இவ மூணாவதுக்குதான் வாய தொறப்பான்னு என் புள்ளைக்குதான்டி தெரியும்."

அன்றே என் கட்டளையை எடுத்துவிட்டேன். அப்டேட்டையும் நிறுத்திவிட்டேன். அச்சகத்துக்குப் போகும்போது பென் டிரைவ் மட்டும்தான் கொண்டுபோகிறேன், பெட்டி மேசையை விட்டு நகர்வதில்லை. பிரஷர் இறங்கியிருக்கிறது. மாற்றிக் கொடுத்த மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று டாக்டருக்குச் சந்தோஷம். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது கொஞ்ச நாளாக ஹார்ட் டிஸ்க் விட்டு விட்டு டக் டக் என்று அடிக்கிறது. அந்தச் சத்தம் வந்தால் டிஸ்க் அதிக நாள் தாங்காது என்று பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அவன் குரலை நகல் எடுத்து என் போனில் வைத்தேன், ஒரு சாயங்காலம் போட்டும் காட்டினேன். மூன்று முறை கூப்பிட்டும் அம்மா அசையவில்லை. அது உன் போனு, நீ கூப்ட வெக்கற என்றாள்.

நேற்று மாத்திரையை விழுங்கிவிட்டு மேசையருகே கொஞ்ச நேரம் நின்றாள். டக் டக் அவள் காதிலும் விழுந்திருக்கும்.

"நாளிக்கும் வருவான் இல்ல?"

"வருவான்மா" என்றேன்.