உப்புத்தாள் போட்ட யானை

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று போன வாரம் பரிசு வாங்கக் கிளம்பினேன். ராஜபாளையத்தில் இப்போது பொம்மைக் கடைக்கும் ஏசி போட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், கடைப் பெண் என் நரைத்த தலையைப் பார்த்தோ என்னவோ, பேட்டரி கார் பக்கமெல்லாம் நிற்காமல் நேராக ஒரு மூலைக்குக் கூட்டிப் போனாள். அங்கே மரச் சாமான்கள் இருந்தன. பெயிண்ட் அடிக்காத யானை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதன் கழுத்தில் சணல் கயிறு, கயிற்றில் ஓர் அட்டை, அட்டையில் ‘கையால் செய்தது’ என்று எழுத்து.

“இப்ப எல்லாரும் இதத்தான் சார் கேக்காங்க. பிளாஸ்டிக்கே வேண்டாங்காங்க” என்றாள்.

நான் யானையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மரத்துக்கு ஒரு வாசனை உண்டு. தச்சுப் பட்டறைக்குள் பத்து நிமிஷம் நின்றிருந்தீர்களானால் உங்களுக்கும் தெரியும். எல்லாருக்கும் பிடித்த வாசனைதான். எனக்கு மட்டும் அது ஆகாது. ஒரு பென்சில் டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். சொன்னால் என்னைப் பற்றிய உங்கள் அபிப்பிராயம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. இங்கே ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் வேலை. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று எழுதி வைப்பவன் நான். எனக்கு வெளியே போக ஒரு நாள் லீவு கிடைப்பதுதான் குதிரைக் கொம்பாக இருந்தது. கிடைத்தால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவேன். அங்கேதான் என் அக்கா காந்திமதியைக் கட்டிக் கொடுத்திருந்தது. அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டதால், எனக்கு வீடு என்றால் அக்கா வீடுதான்.

அத்தான் கதர்க்கடையில் விற்பனையாளர். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் வேப்பெண்ணெய்ச் சோப்பு வாசனைதான் முதலில் வந்து வரவேற்கும். வேட்டி, துண்டு, தலையணை உறை எல்லாம் கதர். இயந்திரத்தில் செய்த எதுவும் அவருக்கு ஆகாது. அப்பேர்ப்பட்டவருக்கு மில்லில் வேலை பார்க்கும் மச்சினன் வாய்த்தது அவர் தலையெழுத்து. என் சட்டையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, “மாப்ள, இதுல மனுசன் கை எங்க இருக்கு?” என்பார். காலர் அழுக்கைக் காட்டலாம் என்று தோன்றும். வாயை மூடிக்கொள்வேன்.

நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். யாரையும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். ஆண்டாளே கோயிலை விட்டு இறங்கி வந்து கேட்டுக்கொண்டாலும் மாற்ற மாட்டார்.

அவர்களுடைய ஒரே மகள் கோதை. அந்த ஊரில் தெருவுக்கு நாலு கோதை உண்டு. எனக்கு அவள் ஒருத்திதான் கோதை. அவளுக்கு நாலு வயதில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும், மாமன் சீர் கொண்டுவர வேண்டும். சீருக்கு என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது அத்தானே சொன்னார்.

“சீரெல்லாம் எதுக்கு மாப்ள? கடையில வாங்குன சாமான் எதுவும் எம்புள்ளைக்கு வேண்டாம். உங்க கையால ஏதாச்சும் ஒண்ணு செஞ்சு கொண்டாங்க, போதும்.”

தப்பித்தோம் என்று நினைத்தேன். திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. எனக்குக் கையால் செய்யத் தெரிந்தது ரெண்டே ரெண்டு: பேரேட்டில் எழுதுவது, சாப்பிடுவது.

முதலில் மில்லில் கழித்துப் போட்ட, நூல் சுற்றும் கோன் அட்டை ஒன்றை எடுத்து, கண்ணும் மூக்கும் வரைந்து, கழிவுப் பஞ்சில் தலைமுடி ஒட்டினேன். கேட்டில் வாட்ச்மேன் பையைத் திறந்து பார்த்துவிட்டார்.

“கோன் வெளிய போகக் கூடாதுன்னு தெரியாதா தம்பி?”

“இது பொம்மைண்ணே.”

“கண்ணு மூக்கு வரஞ்சுட்டா கோன் இல்லன்னு ஆயிருமா?” என்றார். நியாயமான கேள்வி. பொம்மையை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

காதுகுத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் சக்கரம் வைத்த மர யானை ஒன்றை வாங்கினேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்த யானை. அறையில் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பெயிண்ட் போன பிறகும் அது ரொம்ப ஒழுங்காக இருப்பதாகப் பட்டது. ஒரு காதை உடைத்து, கோணலாகத் திரும்ப ஒட்டினேன். அதற்குப் பட்ட பாட்டில் ஒழுங்காக ஒரு தச்சரிடம் போய்த் தொழிலையே கற்றுக்கொண்டிருக்கலாம்.

அத்தான் யானையைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது என்றால் நம்புவீர்களா? “மில்லுக்குள்ள கெடந்தும் இந்தக் கை சாகல பாரு காந்திமதி” என்றார். காதுகுத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் எடுத்துக் காட்டினார். ஒரு வாரம் கதர்க்கடைக் கண்ணாடி அலமாரியில்கூட அதை வைத்திருந்தாராம். நான் அசடு வழிய நின்றேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியது அன்றைக்குத்தான். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

அக்கா மட்டும் அடுப்படிக்குக் கூப்பிட்டாள். தணிந்த குரலில், “ஏலே, யானைக்கு அடிவயித்துல செவப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு. அடுத்த தடவ நல்லாத் தேய்” என்றாள். அப்புறம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அக்கா அப்படிச் சிரித்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தடவை என்று அவள் சொன்னது பலித்துவிட்டது. குதிரை, மாட்டுவண்டி, கிளி என்று போகும்போதெல்லாம் ஒன்று கொண்டுபோக வேண்டியதாயிற்று. கோதை பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடி வந்து என் பையைப் பிடுங்குவாள். “மாமா, அடுத்து ஒட்டகம் செய்யுங்க” என்பாள். கடையில் ஒட்டகம் இருக்காது. ஆகவே கடையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டு, அவளுடைய ஆசையை மெதுவாக அந்தப் பக்கம் திருப்புவேன். ஒட்டகத்தை மயிலாக்க ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. லீவு கிடைத்தால் சந்தோஷப்பட்டவன், லீவு கிடைத்துவிடுமோ என்று பயப்பட ஆரம்பித்தேன். என் நகக்கண்ணில் எப்போதும் மரத்தூள் இருந்தது. மில் கேட்டுக்குள் இருக்கும்போது நிம்மதியாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிய ஆரம்பித்ததும் இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

கோதைக்கு ஆறு வயதானபோது எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பொம்மை வந்தது. படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும்.

“மாமா, நீங்க செஞ்சா கண்ணு மூடுமா?” என்று கேட்டாள்.

“மூடாம என்ன?” என்றேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு வேறு பதில் சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பொம்மையைக் கடையில் வாங்கி, துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன். அக்கா பிரித்துப் பார்த்ததும் பதறிவிட்டாள். “வேண்டாம்லே. இதக் கையால செஞ்சதுன்னு யாரும் நம்புவாகளா? அவிய கண்ணுல பட்டா அம்புட்டுதான். திருப்பிக் கொண்டு போயிரு.” நான் கேட்கவில்லை. அதற்குள் கோதையும் பார்த்துவிட்டாள். அக்கா வேறு வழியில்லாமல் அவளுக்கு ஒரு ஏற்பாடு சொன்னாள்: அப்பா வரும் நேரத்தில் பாப்பாவுக்குத் தூக்கம் வந்துவிடும், பழைய அரிசி டின்னுக்குள் படுக்க வைத்துவிட வேண்டும். கோதை அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். மூன்று மாதம் அப்படியே ஓடியது.

அன்றைக்கு எனக்கு லீவு. அத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வழக்கத்தை விடச் சீக்கிரம் வந்துவிட்டார். கூடத்தில் என்னைப் பார்த்ததும், “என்ன மாப்ள, இந்தத் தடவ கையில ஒண்ணையும் காணோம்?” என்று சிரித்தார். கோதைக்கு ரோஷம் வந்துவிட்டது. மாமாவை விட்டுக்கொடுக்க முடியுமா? ஓடிப்போய் டின்னைத் திறந்து பொம்மையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“மாமா செஞ்ச பாப்பா இருக்குல்லா! கண்ணு மூடும் பாருங்கப்பா!”

அத்தான் பொம்மையை வாங்கிப் படுக்க வைத்தார். கண் மூடியது. நிமிர்த்தினார். திறந்தது. திருப்பி, முதுகில் அச்சடித்திருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “மாப்ள, இது நீங்க செஞ்சதா?” என்றார்.

ஆமாம் என்று சொல்ல முடியாது. கடையில் வாங்கினேன் என்று சொன்னால் யானையும் குதிரையும் மாட்டுவண்டியும் வரிசையாக வெளியே வந்துவிடும். கூடத்தில் வாசல் ஒன்றுதான். வாசலை மறித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

“இல்ல அத்தான்” என்றேன்.

“மாமாதான் செஞ்சாங்க! மாமா, சொல்லுங்க மாமா!” என்று கோதை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“பொய் சொல்லக் கூடாது கோதை” என்றார் அத்தான். அவர் அவளிடம் அப்படிக் கடுமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கோதை என் கையை விட்டுவிட்டாள்.

அப்போது அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். “புள்ளய ஏன் வையிறிய? நாந்தான் கடத்தெருவுக்குப் போனப்ப ஆசப்பட்டு வாங்கியாந்தேன். மாமா செஞ்சான்னு அவகிட்ட சொன்னதும் நாந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது.” இதைச் சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தான் சத்தம் போடவில்லை. “சரி” என்று மட்டும் சொன்னார். பொம்மையை டின்னுக்குள் வைத்து மூடினார். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ராட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நானோ, “ஷிப்ட்டுக்கு நேரமாச்சு, வாரேன்க்கா” என்று கிளம்பினேன். அன்றைக்கு எனக்கு ஷிப்ட் இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அதைவிடக் கேவலமான ஒரு நாள் என் வாழ்க்கையில் இல்லை.

அடுத்த முறை போனபோது பொம்மை அங்கே இல்லை. யாரும் பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. புத்தி வந்து, மில் பட்டறைத் தச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடி, நிஜமாகவே என் கையால் ஒரு தள்ளுவண்டி செய்தேன். மூன்று வாரம் ஆயிற்று. கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. கோதை அதை வாங்கிக்கொண்டு, “நல்லாருக்கு மாமா” என்று விருந்தாளியிடம் பேசுவது போலச் சொல்லி, அலமாரியில் வைத்தாள். அதை அவள் தரையில் உருட்டி நான் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் எனக்குக் கல்யாணமானது. இன்னொன்றையும் கவனித்திருந்தேன். அத்தானே கடைப்பையைத் தூக்கிக்கொண்டு காய்கறி, பருப்பு, சேலை எல்லாம் வாங்கி வருவார். என் மனைவிக்கு அதைப் பார்த்து ஒரே பொறாமை. “உங்க அத்தானப் பாருங்க, மதினிய வாசப்படி இறங்க விடுறதில்ல. நீங்களும் இருக்கியளே” என்று முப்பது வருஷம் என்னை இடித்துக் காட்டினாள். நானும் “தங்கமான மனுசன்” என்று தலையாட்டி வைத்தேன்.

அத்தான் போன வருஷம் தவறிப்போனார். அஞ்சு மாசத்தில் அக்காவும் போய்விட்டாள்.

பொம்மைக் கடையிலிருந்து வந்த அன்று சாயங்காலம் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுக் கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யானைக் காதை உடைத்து ஒட்டியதைச் சொன்னபோது சிரித்தாள். அக்காவைப் போலவே சிரிப்பு. பொம்மைக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. 

“அம்மா கடைசி வரைக்கும் ‘நாந்தான் வாங்குனேன்’னுல்லா மாமா சொன்னா. நாந்தான் சின்னப்புள்ளையில எதையோ மாத்தி நெனச்சுக்கிட்டேன்னு இருந்தேன்.”

அவளே மேலே சொன்னாள்.

“நீங்க போன பொறவு அப்பா அம்மாகிட்ட என்ன சொன்னாக தெரியுமா? ‘இனிமே நீ கடைக்குப் போக வேண்டாம்’னாக. அம்புட்டுதான். அதுக்கப்புறம் அம்மா ஒரு தீப்பெட்டிகூடத் தானாப் போயி வாங்குனதில்ல. நான் வேலைக்குப் போயி மொதச் சம்பளத்துல சேல எடுத்துக் குடுக்கலாம்னு ஜவுளிக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன் மாமா. படியில ஒரு கால வச்சா. அப்பாவக் கேட்டுட்டு வாரேன்னு திரும்பி நடந்துட்டா.”

பிறகு, “அப்பா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா மாமா” என்றாள்.  அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

கதர்க்கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் விற்கிறார்கள். எங்கள் மில் கல்யாண மண்டபமாகிவிட்டது. ஷிப்ட் சங்கு நின்று எத்தனையோ வருஷமாயிற்று. அக்கா வீட்டை வாங்கியவர்கள் இடித்து மாடி கட்டிவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லிப் பெருமூச்சு விடுவது என் வயதில் எல்லாரும் செய்வதுதான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருப்பாள். சொல்ல முப்பது வருஷம் இருந்தது. இப்போது கேட்டுக்கொள்ள அவர் இல்லை; கிளம்பிப் போக அவளும் இல்லை. ஒரு பொம்மை வாங்கிய குற்றத்துக்காகக் கடைசி வரை ஒரு கடைக்குள்ளும் போகாமல் இருந்துவிட்டாள். அந்தப் பொம்மை விற்ற கடை எந்தத் தெருவில் இருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது.