நான் செய்ததாகச் சொன்ன மாலை

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகப்போகின்றன. பாரிஸில் லா சப்பல் பகுதி, ரூ பெர்தொனே தெருவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. தை மாதத்து மதிய நேரம். ஆனால் பிழை தொடங்கியது அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால், நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்துமஸ் நேரத்தில், பாரிஸுக்கு வெளியே பொண்டியில் உள்ள என் வீட்டில்தான்.

நான் பிரான்சுக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. பிரெஞ்சு நன்றாகப் பேசுவேன், எழுதுவேன். அதனால் எங்கள் கட்டடத்தில் இருக்கும் தமிழ் ஆட்கள், அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அப்படிக் கடிதத்தோடு வந்தவள்தான் அந்தப் பெண். முப்பது வயது இருக்கும். ஐந்தாம் மாடியில் ஒரு குடும்பத்தோடு ஓர் அறையில் இருந்தாள். லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல் வேலை. அகதி வழக்கு முதல்முறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு போட்டிருந்தாள். அந்த மேன்முறையீட்டுக்கான கடிதங்கள் முழுவதையும் நான்தான் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் என் சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். தான் பட்டதையெல்லாம் அவள் சொல்ல நான் எழுதுவேன். சில இடங்களில் என்னால் முடியாமல், பேனையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். அவள் அழமாட்டாள். ஆனால் அவளுடைய கைகள் சும்மா இருக்காது. மேசையில் கிடக்கும், மிட்டாய் சுற்றிய டொபித் தாளை எடுத்து, மடித்து, கிள்ளி, ஒரு பூவாக்கி வைத்துவிட்டுப் போயிருப்பாள்.

பிரெஞ்சு படிக்கச் சொல்லி அவளை நச்சரித்ததும் நான்தான். பக்கத்தில் இலவசமாக நடந்த ஒரு மாலை வகுப்பில் நானே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டேன். ஒரு நாள் போகாமல் விட்டாலும் ஏசுவேன்.

ஒரு முறை அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, உங்கட ஒப்பீசிலை கோப்பி குடிச்சுப்போட்டு எறியிற கப்சூலுகளை எனக்குக் கொண்டுவந்து தருவியளோ?"

கோப்பி மெசினில் போடுகிற சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களைத்தான் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் சேர்ந்ததைப் பையில் கட்டிக்கொண்டு வந்து இரண்டு மூன்று தடவை கொடுத்தேன். பிறகு அதை மறந்தும் போனேன்.

நத்தாருக்குப் பத்து நாளுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, நான் வடைக்கு மா குழைத்துக்கொண்டு நின்றபோது அவள் வந்தாள். கையில் சிவப்புத் தாள் சுற்றிய ஒரு சின்னப் பெட்டி.

"நத்தாருக்கு இஞ்சை எல்லாரும் பரிசு குடுக்கினம் அக்கா. இது நான் உங்களுக்கெண்டு செய்தனான். ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்."

"கையெல்லாம் மா. பிறகு போட்டுப் பாக்கிறன், வைச்சிட்டுப் போம்மா" என்றேன்.

அவள் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் கதவடியில் நின்றாள். நான் கை கழுவவில்லை. பிறகு போய்விட்டாள்.

பின்னேரம் திறந்து பார்த்தேன். ஒரு மாலை. அந்தக் கோப்பிக் கப்சூல்களைத் தட்டையாக்கி, இதழ் இதழாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சின்ன முத்து வைத்து, நீலமும் பொன்னிறமுமாக ஏழு பூக்கள். பட்டு நூலைப் பின்னிக் கயிறாக்கிக் கோத்திருந்தாள். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வடிவாத்தானே இருக்கு" என்றார். எனக்கு அந்த அழகு தெரியவில்லை. இது எங்கள் அலுவலகத்துக் குப்பைத் தொட்டியில் கிடந்தது என்பது மட்டும்தான் தெரிந்தது. இதைப் போட்டுக்கொண்டு அங்கே போனால் என்ன நினைப்பார்கள்? பெட்டியை மூடி அலுமாரியில் வைத்துவிட்டேன்.

நத்தார் விடுமுறைக்கு முன் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். எனக்கு வந்தது என் அடுத்த மேசைக்காரி, என் வயதை ஒத்த ஒரு பிரெஞ்சுக்காரியின் பெயர். பிள்ளைகளின் பள்ளிக்கூட அலைச்சலில் பரிசு வாங்க மறந்துவிட்டேன். பரிசு கொடுக்கும் நாள் காலை கதவைப் பூட்டும்போதுதான் நினைவு வந்தது. ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன். கையில் முதலில் அகப்பட்டது அந்தச் சிவப்புப் பெட்டி.

எடுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ரயிலில் இருந்தபோது எனக்கிருந்த ஒரே கவலை, இதென்ன குப்பை என்று அந்தப் பிரெஞ்சுக்காரி நினைத்துவிடுவாளோ என்பதுதான். அதைச் செய்து தந்த பெண்ணின் முகம் எனக்கு ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரி பெட்டியைத் திறந்தாள். பிறகு மாலையை உயர்த்திப் பிடித்து, "ஐயோ, இது எங்கள் கோப்பிக் கப்சூல்!" என்று கூவினாள். நான் கூனிக்குறுகிப் போனேன். ஆனால் அவள் சிரித்தது சந்தோஷத்தில். எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள். தொட்டுப் பார்த்தார்கள். எறிகிற பொருளில் இப்படி ஒன்றா என்று வியந்தார்கள். எங்கள் மேலதிகாரிகூட எழுந்து வந்து பார்த்தார்.

"நீயே செய்தாயா?" என்று கேட்டாள் அவள்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை வருடத்தில் அந்த அலுவலகத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"வி" என்றேன். ஆம் என்ற அந்த ஒற்றை எழுத்துத்தான் நான் சொன்னது.

விடுமுறை முடிந்து தை பிறந்ததும், பரிசுக்கு நன்றியாக மதியச் சாப்பாடு வாங்கித் தருகிறேன், உங்கள் ஆட்களுடைய கடைக்குக் கூட்டிப்போ என்றாள் அந்த அடுத்த மேசைச் சிநேகிதி. எனக்குப் பழக்கமான கடை அந்தப் பெண் வேலை செய்த கடைதான். அவள் குசினிக்குள் நிற்பவள், மதிய நேரத்தில் வெளியே வருவதில்லை. அதனால் நான் யோசிக்கவே இல்லை. சிநேகிதி குளிருக்குத் தடித்த சால்வை சுற்றிக்கொண்டு வந்தாள். கடைக்குள் உட்கார்ந்து அதைக் கழற்றினாள். கழுத்தில் அந்த மாலை.

அதே நேரத்தில் முதலாளி குசினிப் பக்கம் திரும்பி, "பிள்ளை, உன்ரை அக்கா வந்திருக்கிறா!" என்று கூப்பிட்டுவிட்டார்.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் சிநேகிதி இரண்டு தோசைக்குச் சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் இரண்டு தோசைத் தட்டுகளையும் தானே ஏந்திக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "அக்கா, சொல்லாமல் வந்திட்டியள்! உங்களுக்கெண்டு முறுகலாச் சுட்டனான்" என்று தட்டை எனக்கு முன்னால் வைத்தாள். அடுத்த தட்டை வைக்கத் திரும்பியபோது மாலையைக் கண்டாள்.

கை அப்படியே நின்றது. தட்டு விழவில்லை, எதுவும் நடக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். சிநேகிதி அந்தப் பார்வையை ரசனை என்று எடுத்துக்கொண்டாள்.

"வடிவாக இருக்கிறது, இல்லையா? இவள் தன் கையால் செய்து எனக்கு நத்தாருக்குத் தந்தாள்" என்று என்னைக் காட்டிப் பிரெஞ்சில் சொன்னாள்.

அந்தப் பெண்ணுக்கு இது விளங்கியிருக்கக் கூடாது என்று அந்த ஒரு கணம் நான் வேண்டிக்கொண்டேன். எப்படி விளங்காமல் போகும்? அவளைப் படிக்க வைத்தவளே நான்.

சிநேகிதி நிறுத்தவில்லை. நடுப்பூவைத் திருப்பி என்னிடம் காட்டினாள். "கேட்க வேண்டும் என்று இருந்தேன். பின்னால் ஏதோ எழுதியிருக்கிறாயே, இது என்ன எழுத்து?"

குனிந்து பார்த்தேன். அலுமினியத்தில் ஊசி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதிய ஒரு தமிழ் எழுத்து. என் பெயரின் முதல் எழுத்து. அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"அது... அதிர்ஷ்டத்துக்குப் போடுகிற எழுத்து" என்றேன் பிரெஞ்சில். என் வாய் தானாகவே அடுத்த பொய்யைச் சொன்னது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சிநேகிதியைப் பார்த்து, நான் திருத்தித் திருத்திச் சொல்லிக் கொடுத்த உச்சரிப்பில், "வி மதாம், த்ரே ஜோலி" என்றாள். ஆம் அம்மா, மிகவும் அழகு. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தத் தோசையை எப்படி விழுங்கினேன் என்று தெரியாது. நாங்கள் எழும்பியபோது அவள் மறுபடி வந்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அக்கா, பின்னுக்கு இருக்கிற கொக்கி கொஞ்சம் இளக்கம். கழட்டேக்கை பாத்துக் கழட்டச் சொல்லுங்கோ. இழுத்தால் பூ கழண்டுபோம்."

குரலில் கோபம் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் "ஓம்" என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். நான் சொன்னது "ஓம்" மட்டும்தான்.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் என்னால் அடக்க முடியவில்லை. தெருவோரத்தில் நின்று சிநேகிதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறியது. சால்வையை விலக்கி, மெதுவாக, கவனமாக மாலையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எனக்குப் பொய் சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன். அதை அவளுக்கு முன்னாலேயே என் வாயால் சொல்ல வைத்துவிட்டாயே" என்றாள். பிறகு, "இப்போதே திரும்பிப் போ. நானும் வருகிறேன்."

"கடையில் ஆட்கள் நிற்பார்கள். பின்னேரம் வீட்டில் கதைக்கிறேன்" என்றேன்.

மாலை மறுபடி அலுமாரிக்குள் போனது. பின்னேரம் கதைக்கவில்லை. மறுநாளும் இல்லை. மின்தூக்கிச் சத்தம் கேட்டால், அது அவளாக இருக்குமோ என்று கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டு, சத்தம் அடங்கியபிறகு வெளியே போவேன். எதிர்ப்பட்ட நாட்களில் அவள் வழக்கம்போலவே சிரித்தாள். "சுகமோ அக்கா?" என்று கேட்டாள். வீட்டுப் படி மட்டும் ஏறவில்லை. அவள் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பங்குனியில் மேல்மாடிக் குடும்பத்து அம்மா வழியில் கண்டு, "பிள்ளைக்கு வழக்கு வென்றிட்டுதெல்லே, கடிதம் வந்து ஒரு கிழமையாச்சு. உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றார். ஒரு வரிக் கடிதம் வந்தாலும் என்னிடம் ஓடி வந்தவள், தன் வாழ்க்கையையே மாற்றிய கடிதத்தைத் தனியாக இருந்து, தானே எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறாள். அந்தக் கடிதத்துக்காக நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தேன். அன்று படியில் உட்கார்ந்து அழுதேன்.

சித்திரையில் அவள் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே தூரத்து உறவு இருந்தது. போவதற்கு முன் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கடைக்குப் போயிருந்தேன். கணவர்தான் கதவைத் திறந்தார்.

அடுத்த நத்தாருக்கு, துணிவை எல்லாம் கூட்டி, அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன சொல்வது என்று முதல் நாளே மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஒரே சனச் சத்தம், பாட்டு.

"அக்கா! நான் நத்தார் சந்தையிலை நிக்கிறன். இஞ்சை ஒரு சங்கத்துக்காரர் எனக்கு ஒரு மேசை தந்தவை. மரத்திலை தூக்கிற நட்சத்திரம், தோடு, எல்லாம் என்ரை கையாலை செய்தது. வெள்ளைக்காரர் விரும்பி வாங்கினம் அக்கா."

"நல்லது... சந்தோசம்" என்றேன். குளிர் எப்படி என்று கேட்டேன். வதிவிட அட்டை கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"எல்லாம் உங்களாலைதான் அக்கா. நீங்கள் எழுதித் தராட்டி நான் இஞ்சை இல்லை. அதை நான் மறக்க மாட்டன்" என்றாள். பிறகு யாருக்கோ பிரெஞ்சில் பதில் சொன்னாள். சரளமாகச் சொன்னாள். "ஆக்கள் நிக்கினம் அக்கா, பிறகு எடுக்கிறன்."

அவள் பிறகு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அவள் மறந்திருப்பாள், நீ ஏன் இன்னும் மனதில் போட்டு உழக்குகிறாய் என்று கணவர் கேட்கிறார். மறந்திருக்கலாம். மறக்காமலும், எனக்கு நோகக் கூடாது என்று அப்படிப் பேசியிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெருவில் யாராவது என்னைக் காட்டி, "எங்கட சனத்துக்கு எவ்வளவு உதவி செய்யிறவா" என்று சொல்லும்போது, முன்பெல்லாம் உள்ளுக்குள் குளிரும். இப்போது, கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்காமலேயே அவள் வாயால் வாங்கிய நல்ல பெயரை எப்படிச் சுமப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறேன்.