பெயர் எழுதாத ஜெபச் சீட்டு

போன ஜூன் மாதம் குளிக்கும்போது, என் இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். அழுத்தினால் வலித்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோலை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிற வேலை எனக்கு. அதில் அடிபட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டில் அது நெல்லிக்காய் அளவு ஆனது.

பயந்துபோனேன். பயத்தைவிட வெட்கம் ஜாஸ்தி. ஆம்பளைக்கு மார்பில் கட்டி என்று யாரிடம் சொல்வது? வேலையில் எல்லோரும் பனியனோடு இருக்க, நான் மட்டும் சட்டையைக் கழற்றவில்லை. "இன்னாபா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கிண்டல் செய்வார்கள். சிரித்து வைப்பேன். மனைவி எஸ்தரிடம்கூட சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் இதைக் கரைத்துவிடும் ஆண்டவரே என்று தினமும் கேட்டேன். கரையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையின் ஜெபக் குறிப்புப் பெட்டியில், "மார்பில் கட்டி. ஜெபிக்கவும்" என்று எழுதிப் போட்டேன். பெயர் எழுதவில்லை. போதகர் அதை வாசித்ததும், பெண்கள் ஜெபக் குழு ஏற்றுக்கொண்டது. அதில் எஸ்தரும் இருக்கிறாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் முழங்கால் போட்டு அழுதாள். "யாரோ ஒரு சகோதரி ஆண்டவரே, வெக்கப்பட்டுக்கினு சொல்லாம கீறாங்க. டாக்டர்கிட்ட போற தைரியத்த அவங்களுக்குக் குடுங்க."

பக்கத்தில் நான். ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

"எஸ்தர், அந்த சகோதரி நான்தான்."

"எத்தினி நாளா?"

"மூணு மாசம் ஆகுது."

"சபைக்கே சீட்டு எழுதிப் போட்டீங்க. எனக்குச் சொல்லல, இல்ல?" திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "உள்ள வாங்கம்மா" என்று எஸ்தரைத்தான் கூப்பிட்டார். "எனக்கில்ல சிஸ்டர், இவருக்கு." வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒரு அம்மா மட்டும் நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டார்.

ஸ்கேன் எடுத்து, ஊசியால் சோதித்து, பிறகு ஆபரேஷனில் கட்டியை எடுத்தார்கள். அதை லேபுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்ததும் போனோம்.

"கேன்சர் இல்ல. ஆம்பளைங்களுக்கும் மார்புல இப்படி சதை வளர்றது உண்டு" என்றார் டாக்டர் அம்மா. "ஆனா ஆறு மாசத்துல வந்து காட்டணும். நடுவுல மறுபடி கட்டி தெரிஞ்சாலோ, காம்புல எதுனா கசிஞ்சாலோ உடனே வரணும்."

ஆறு மாதம் ஆனது. "ஆண்டவர்தான் சுகம் குடுத்துட்டாரே, இன்னும் எதுக்கு?" என்றேன்.

"பேசாம சட்டைய மாட்டுங்க" என்றாள் எஸ்தர். போனோம். எல்லாம் நன்றாக இருந்தது. திரும்பும்போது பிரியாணி சாப்பிட்டோம்.

நான் கேட்டபடி ஆண்டவர் கட்டியைக் கரைக்கவில்லை. என் வாயைத் திறந்தார். அவருக்கு ஸ்தோத்திரம். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் டேனரியில் நானே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கை கழுவும் இடத்தில் பாய் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "எனக்கும் ஒண்ணு கீது தோஸ்த். ரெண்டு வருஷமா" என்றார்.

திங்கட்கிழமை அவரோடு வேலூர் போகிறேன். அவருக்காக ஜெபியுங்கள். உங்களுக்கும் மறைத்து வைத்த பயம் இருந்தால் ஆண்டவரிடம் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.