எனக்கொரு குறையும் இல்லை மன்னா

பதிப்பகத்திலிருந்து போன வாரம் மூன்றாவது முறையாகப் போன் வந்தது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய பல்லவர் காலக் கதையில், போரில் பிடித்து வரப்பட்டு அரண்மனையில் நெல் குத்துகிற பெண் ஒருத்தி வருகிறாள். பிரச்சினையே அவள்தானாம். "ரொம்ப சோகமா இருக்காங்க மேடம். ரெண்டு இடத்துல சிரிக்க வச்சிடுங்களேன், பிள்ளைங்க பயந்துடப் போறாங்க" என்றார் பதிப்பாசிரியர். ஊரை விட்டு இழுத்து வந்து உலக்கையைக் கையில் கொடுத்தால் யாரய்யா சிரிப்பார்கள்? கேட்டேன். "ராணி நல்லவங்கதானே மேடம்" என்று பதில் வந்தது. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது.

எரிச்சல் தாங்காமல் அம்மாவிடம் கொட்டினேன். "சிரிச்சா இன்னா கொறஞ்சா போய்டும்? கதைதானடி" என்றாள் அவள். அவளிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். சிரிக்கிற அடிமைப் பெண்ணை எங்கள் ஊர் மேடையில் ஏற்றியதே அம்மாதான்.

திருப்போரூர் பக்கத்தில் அம்மா தமிழ் டீச்சராக இருந்த பள்ளியில்தான் நானும் ஐந்தாவது படித்தேன். ஆண்டு விழா நாடகம் வருஷா வருஷம் அம்மாவின் கைவண்ணம். அவள் நாடகத்தில் யாருக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. தோற்ற ராஜாகூடக் கடைசிக் காட்சியில் சந்தோஷமாக நின்று கும்மி பார்ப்பார். அந்த வருஷம் பல்லவ ராஜா கதை. சிறைபிடிக்கப்பட்ட பெண் முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருப்பாள். ராஜா வந்து, "பெண்ணே, உனக்கு என்ன வேண்டும்? கேள், தருகிறேன்" என்பார். அவள் சிரித்த முகமாக, "தங்கள் ஆட்சியில் எனக்கொரு குறையும் இல்லை மன்னா" என்று சொல்ல வேண்டும். உடனே கும்மி, உடனே திரை.

ராணி வேஷத்தை டீச்சர் தன் மகளுக்கே கொடுத்துவிட்டார் என்று பேச்சு வந்துவிடுமாம். ஆகவே அடிமை வேஷம் என் தலையில் விழுந்தது. மூன்று நாள் அழுதேன். ராணியின் தோழிக்கு ஜரிகைப் பாவாடை, எனக்குக் கோணிக் கலரில் ஒரு புடவை. செங்கல்பட்டிலிருந்து வந்த வாடகை நகை செட்டில் சேர்ந்தே இருந்ததால் அடிமைக்கும் ஒரு ஒட்டியாணம் உண்டு என்பது மட்டும்தான் ஆறுதல். அதுவும் போதவில்லை. எனக்குப் பதிலாக வேறு ஆளைப் பிடித்துத் தருவதாக அம்மாவிடம் சொல்லி, பிடித்தும் கொடுத்து, தோழி வேஷத்துக்கு மாறிக்கொண்டேன்.

அவள் பெயர் கன்னியம்மா. செங்கல்பட்டு ரோட்டில் இருந்த அரிசி மில்லுக்குள்ளேயே, முதலாளியிடம் பட்ட கடனுக்காகக் குடும்பத்தோடு தங்கி உழைத்த இருளர் வீட்டுப் பெண். மில்லில் ஏகப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். யாராவது அதிகாரி வந்து கேட்டால் காட்டுவதற்காக இரண்டு மூன்று பேரை மட்டும் முதலாளி பள்ளிக்கு அனுப்பினார். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் என் பக்கத்தில் உட்காருவாள், அதிகம் பேச மாட்டாள், எதைச் சொன்னாலும் சரி என்பாள் என்பதுதான்.

ஒத்திகையில் உலக்கையைப் பிடித்தாள் பாருங்கள், நாங்கள் எல்லாம் வாயைப் பிளந்தோம். ஆனால் சிரிப்பு வரவில்லை. அம்மா கன்னத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், கண்ணாடி காட்டிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். ஒருநாள் கன்னியம்மா, "டீச்சர், இவ எப்ப வூட்டுக்குப் போவா?" என்று கேட்டாள். "அதெல்லாம் நாடகத்துல இல்ல. நீ சிரி மொதல்ல" என்றாள் அம்மா. நாங்கள்தான் கொல்லென்று சிரித்தோம்.

அவள் வாய் ஓயாமல் பேசிய விஷயம் ஒன்றே ஒன்று. மாசி மகத்துக்கு அவள் ஜனம் மொத்தமும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுமாம். புடவையையே சுற்றிக் கட்டிக் குடிசை போடுவார்களாம். மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மா சாமியைக் கும்பிடுவார்களாம். அந்த சாமி பெயர்தானாம் இவளுக்கு. வேறெங்கோ செங்கல் சூளையில் இருக்கும் அக்காவை அங்கே போனால்தான் பார்க்க முடியும். பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

"போன வருசமும் மொதலாளி வுடல. அதுக்கு முந்தின வருசமும் வுடல."

"நீ கேட்டியா?"

"எங்கப்பா கேட்டாரு. அடிச்சாங்க."

எனக்கு அவள்மேல்தான் எரிச்சல் வந்தது. கேட்கிற விதமாகக் கேட்டால் யார்தான் கொடுக்க மாட்டார்கள்? எங்கள் வீட்டில் அப்பா நல்ல மூடில் இருந்து, என்ன வேண்டும் என்று அவரே கேட்கிற நேரம் பார்த்து நான் எத்தனை சாமான் வாங்கியிருக்கிறேன்! அந்த சூட்சுமத்தைப் பெரிய மனசு பண்ணி அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். "பெரியவங்களே இன்னா வேணும்னு கேக்கும்போது சொல்லணும். நாலு பேரு எதிர்ல சொன்னா இன்னும் நல்லது. மாட்டேன்னு சொல்ல முடியாது." அவள் அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் அந்த மில் முதலாளிதான். பள்ளிக்கு மேடைத் திரை வாங்கிக் கொடுத்தவர், கூப்பிடாமல் இருக்க முடியுமா? முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். நான் ஜரிகைப் பாவாடையில் ராணிக்குப் பக்கத்தில் நின்றேன். ராஜா வந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். கன்னியம்மா உலக்கையைக் கீழே வைத்தாள். ராஜாவைப் பார்க்கவே இல்லை. முன்வரிசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மாசி மகத்துக்கு மாபலிபுரம் போவணும் சாமி. எங்கக்காவப் பாக்கணும். ஒரு நாளு எங்கள வுடுங்க."

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்!" என்று கத்தினான். கூட்டம் கைதட்டியது. முதலாளியும் கைதட்டினார். திரைக்குப் பின்னால் அம்மா தலையில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

விழா முடிந்து காபி குடிக்கையில், "யாரு டீச்சர் அந்தப் பொண்ணு? நல்லா நடிக்குதே" என்று கேட்டார் முதலாளி. தினமும் அவர் களத்தில் கிடக்கிற பெண்ணை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா ஏனோ அவசரமாக, இன்னொரு காபி சொல்லட்டுமா என்று அவரைக் கேட்டாள். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, "உங்க மில்லுப் பொண்ணுதான் சார்! நான்தான் கூட்டினு வந்தேன்" என்றேன். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு என் தலையைத் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை கன்னியம்மா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அம்மாவின் கவலையெல்லாம் ஒட்டியாணத்தைப் பற்றியே இருந்தது. அதைக் கழற்றாமலேயே போய்விட்டாள், வாடகைக்காரனுக்கு யார் பதில் சொல்வது என்று வீட்டில் ஒரே பேஜார். மாசி மகத்தன்று சாயங்காலம் என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனாள். வழியெல்லாம் மூட்டை முடிச்சோடு ஆட்களை அடைத்துக்கொண்டு வண்டிகள் மாமல்லபுரம் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. கன்னியம்மாவும் அவள் அப்பா அம்மாவும் வரிசையாக நடந்து அதைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். முதலாளியே வெளியே வந்து, பேப்பரில் சுற்றிய ஒட்டியாணத்தை அம்மா கையில் கொடுத்தார். பிறகு, "டீச்சர், உங்க நாடகத்த நான் ஒரு தபா போட்டுக் காட்டட்டா?" என்றவர் களத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இன்னாம்மா, உனக்கு இன்னா வேணும்?"

கன்னியம்மா நின்றாள். அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அம்மா ஒரு மாதமாகக் கன்னத்தைப் பிடித்து இழுத்தும் வராத சிரிப்பு. என் பதிப்பாசிரியர் மூன்று போன் போட்டுக் கேட்கிறாரே, சாட்சாத் அதே சிரிப்பு.

"எனக்கொரு குறையும் இல்லை மன்னா" என்றாள்.

முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "வாடி போலாம்" என்று என் கையை வலிக்கிற மாதிரி பிடித்து இழுத்தாள். எனக்கானால் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஸ்கூட்டரில் ஏறியதும் அம்மாவின் முதுகில் குத்திக் குத்திச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இப்ப மட்டும் எவ்ளோ நல்லா சிரிக்கிறா பாரும்மா! அன்னைக்கு வேணும்னே கெடுத்துட்டா."