ஷோரூமில் தூங்கியவர்

காலையில் வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. கடைசி ஆள் ஏறிக் கதவைச் சாத்தியதும் நான் கியர் போடப் போனேன். பின்சீட்டில் இருந்த கஸ்தூரியின் ஃபோன் அடித்தது. "அலோ" என்றாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து நான் வண்டியை அணைத்துவிட்டேன்.

"நஜீர் பாய் போய்ட்டாராம் செல்வி. நெஞ்சு வலின்னு சொல்லிக்கினே படுத்தாராம்."

 பின்னாலிருந்து ஒருத்தி, "கம்பெனிக்கு லேட்டானா ஆவட்டும். நீ பாய் வீட்டுக்கு உடு" என்றாள். மாதனூரிலிருந்து ஆம்பூருக்கு அவ்வளவு மெதுவாக நான் ஒரு நாளும் ஓட்டியதில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் அரை நாள் சம்பளம் போனது. அதைப் பற்றி இன்று வரை ஒருத்தியும் பேசவில்லை.

பாயைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அவரைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று சொன்னபோது, நானும் எழுதுகிறேன் என்றேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். கை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாய் எங்கள் ஊர் ரூட்டில் கம்பெனி பஸ் ஓட்டினார். அவர் பஸ்ஸில் போன பெண்களுக்கு அவரைப் பற்றி இன்னொன்றும் தெரியும். யாராவது ஸ்கூட்டியோ ஆட்டோவோ காரோ வாங்கப் போனால், கூட வந்து உட்காருவதற்கு ஒரு ஆம்பளை வேண்டும் என்றால், அவரைத்தான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். பஸ் சார்ஜ்கூட வாங்க மாட்டார்.

என் கதையைச் சொன்னால்தான் அவர் என்ன செய்தார் என்பது விளங்கும்.

என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போன காலத்தில் என் நகையை விற்று ஒரு லோடு ஆட்டோ வாங்கினோம். "நீ பொம்பள, எங்க ஆபீஸ் ஆபீஸா அலைவ" என்று சொல்லிக் கொழுந்தனார் பெயரில் எழுதினார்கள். அவர் அப்போது நல்லவராகத்தான் இருந்தார். என் வீட்டுக்காரர் இறந்து காரியம் முடிந்த கையோடு கொழுந்தனார் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்டதற்கு, "ஆர்.சி. புக்ல யார் பேரு இருக்குன்னு பாரு அண்ணி" என்றார். அந்த ஒரு வார்த்தை என் காதில் பல வருஷம் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அதனால் இன்னொரு வண்டி வாங்கினால் என் பெயரில்தான் வாங்குவது என்று வைத்திருந்தேன். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில்தான் நிற்கும். உள் ஊர்ப் பெண்கள் இருட்டில் எழுந்து, சோறு கட்டிக்கொண்டு, நாய்களுக்குப் பயந்து நடந்து வரவேண்டும். ஒரு சின்ன வேன் இருந்தால் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் விடலாம். மாசம் இவ்வளவு என்று தருவதாக அவர்களே சொன்னார்கள். நான் டிரைவிங் பழகி லைசென்ஸ் எடுத்தேன். சீட்டு எடுத்த பணம் முன்பணத்துக்கு இருந்தது. மீதிக்கு லோன் போடவேண்டும்.

முதலில் நான் தனியாகத்தான் வேலூருக்குப் போனேன். ஷோரூமில் டை கட்டிய தம்பி ஒருத்தர் என்னையும் பார்த்தார், என் முதுகுக்குப் பின்னால் கதவையும் பார்த்தார்.

"சார் பார்க்கிங்ல இருக்காரா மேடம்?"

"யாரும் இல்ல. நான்தான்."

"வீட்ல பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்களேன். அப்ப ரேட்டு பேசலாம்."

என் தலை பாதி நரைத்துவிட்டது. எங்கள் வீட்டில் பெரியவள் நான்தான். அதைச் சொல்வதற்குள் ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் பாயிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "இவ்ளோதானா? ஞாயித்துக்கெழம போலாம். நான் வந்து ஒக்கார்றேன். ஆனா ஒண்ணும்மா, நான் பேச மாட்டேன்" என்றார்.

பேசாமல் எதற்கு வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. போனபிறகு புரிந்தது. அதே தம்பி ஓடி வந்து, "வாங்க சார், ஒக்காருங்க சார்" என்று மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டார். பாய் அதில் உட்காரவில்லை. என்னைக் காட்டி, "அவங்க ஒக்காரட்டும்" என்றார். தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து எனக்குப் பின்னால், சுவரோரமாகப் போட்டுக்கொண்டார். காபி அவருக்கு முதலில் வந்தது. அதை என் பக்கம் தள்ளினார். தம்பி என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார், எந்த மாடல் பாக்கறீங்க?" என்றார்.

பாய் கண்ணை மூடினார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை வந்துவிட்டது.

அந்தத் தம்பி திகைத்துப்போனார். எழுப்பவும் முடியாது, தூங்குகிறவரிடம் விலை சொல்லவும் முடியாது. வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்து, "சொல்லுங்க மேடம்" என்றார். ஷோரூமில் என்னைப் பார்த்து ஒருவர் "சொல்லுங்க" என்றது அதுதான் முதல் தடவை. ஆள் பக்கத்தில் இருந்ததால் என்னை வெளியே அனுப்ப முடியவில்லை. ஆள் தூங்கியதால் என்னிடம் பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் சும்மா இல்லை. விலைத்தாளைக் கொடுத்தார், முழுக்க இங்கிலீஷ். "ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லுங்க தம்பி, எனக்கு நேரம் இருக்கு" என்றேன். சீட் கவர், மேட், வண்டி மேலே பூசுகிற பாலிஷ், கூடுதல் வாரண்டி என்று படித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் நான் கேட்டது ஒரே கேள்விதான்.

"இது இல்லன்னா வண்டி ஓடாதா?"

"ஓடும் மேடம்."

"அப்ப வேணாம்."

நாலாவது தடவை அவரே, "இதுவும் இல்லன்னா ஓடும் மேடம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். பாயின் கண் மூடித்தான் இருந்தது, வாய் மட்டும் சிரிப்பில் கோணியிருந்தது.

லோன் ஆள் வந்தபிறகுதான் சிரிப்பு நின்றது. என் சம்பளச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம் பேர்ல போட்டா மேல அனுப்பணும், வருமோ வராதோ. சார் பேர்ல வண்டிய எடுத்தா இன்னிக்கே முடிச்சிடலாம். ஓட்டறது நீங்கதானே, பேர் யார்தா இருந்தா இன்னா?" என்றார்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று எனக்கு ஆசை. ஊரில் பெண்கள் காத்திருக்கிறார்கள். பாய் எப்படிப்பட்டவர் என்று எல்லாருக்கும் தெரியும். "பாய் பேர்லயே போட்டுடலாமா?" என்று நானே கேட்டேன்.

பாய் கண்ணைத் திறந்தார். அவர் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எம் பேர்ல வண்டி வந்தா, நாளைக்கி நான் மவுத்தாய்ட்டா எம் புள்ளைங்க வந்து நிப்பாங்க. எம் புள்ளைங்க நல்லவங்கதான். ஒங் கொழுந்தன் மட்டும் அன்னிக்கு கெட்டவனாவா இருந்தான்?" என்றார். பிறகு லோன் ஆளைப் பார்த்து, "நான் ஒக்கார வந்தவன் தம்பி. கையெழுத்துப் போட வந்தவன் இல்ல" என்றார். "எழுந்திரும்மா, டீ குடிக்கலாம்."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். எதிரே டீக்கடையில் நான் அழுதேன். அவர் பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டே சொன்னார்: "ஷோரூம்ல எல்லாமே அவங்க சாமான். நம்ம கையில இருக்கறது அந்தக் கதவு ஒண்ணுதான். அத தெறந்துகினு வெளிய வரத் தெரியணும். மாசக் கடைசி வரட்டும். ஒங்க லைன்ல டார்கெட் இருக்கற மாதிரி அந்தப் பையனுக்கும் டார்கெட் இருக்கும்."

கம்பெனியில் எங்கள் தையல் லைனில் மணிக்கு இத்தனை ஜோடி என்று போர்டில் எழுதிப்போடுவார்கள். கம்மியானால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார். டை கட்டிய தம்பிக்குப் பின்னாலும் ஒருத்தர் நிற்பார் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மாசக் கடைசியில் அந்தத் தம்பியிடமிருந்தே ஃபோன் வந்தது. "மேடம், ஒங்க பேர்லயே பண்ணலாம்னு மேல பேசிட்டேன். ஜாமீனுக்கு மட்டும் ஒரு ஆள் கூட்டிட்டு வாங்க."

நான் கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு போனேன். என் பக்கத்து மெஷின். பாயும் வந்தார், போனதும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடி எடுத்துக்கொண்டார். லோன் ஆள் கஸ்தூரியைப் பார்த்து, "பொம்பளைக்கு பொம்பள ஜாமீனா?" என்று இழுத்தார்.

கஸ்தூரி தன் சம்பளச் சீட்டையும் பி.எஃப். தாளையும் மேஜையில் வைத்தாள். "பணம் கட்றதுல ஆம்பள பணம், பொம்பள பணம்னு தனித்தனியா இருக்குதா சார்? அப்படி ரூல் இருந்தா காட்டுங்க, நாங்க போய்ட்றோம்" என்றாள். சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். லோன் ஆளும் கதவைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

எழுதாத தாளில் கையெழுத்துக் கேட்டார். "எழுதுங்க, அப்பறம் போடறேன்" என்றேன். வட்டியைச் சொன்னார். மாசாமாசம் அசல் குறையக் குறைய வட்டியும் குறையுமா, இல்லை கடைசி வரைக்கும் முழுப் பணத்துக்கும் வட்டியா என்று கேட்டேன். அவர் இரண்டாவதைத்தான் போட்டிருந்தார். மாற்றி எழுதினார். இவ்வளவுக்கும் பாய் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது கஸ்தூரி, "நெஜமாவே தூங்கினியா பாய், இல்ல நடிப்பா?" என்று கேட்டாள்.

"வட்டிப் பேச்சு வந்தா நான் தூங்கிட்றதுதான் எங்க மார்க்கத்துக்கும் நல்லது, ஒடம்புக்கும் நல்லது" என்றார்.

வண்டி எடுத்த அன்றைக்கு ரிப்பன் கட்டி, மாலை போட்டு, கேக் வைத்து, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கொண்டு வந்தார்கள். "சாரை எழுப்புங்க மேடம், ஃபோட்டோவுக்கு" என்றார் தம்பி. "வேணாம், தூங்கட்டும்" என்றேன். அந்தச் சாவியை நான் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய்ச் சாவிதான்.  பிறகு நிஜச் சாவியை வாங்கினேன். பாயைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆம்பூர் வரைக்கும் ஓட்டினேன். வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவர், ஒரு இடத்தில்கூட "பிரேக் போடு" என்று சொல்லவில்லை. அங்கேயும் தூங்கிவிட்டார். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு யாரும் தந்ததில்லை.

தவணை எல்லாம் கட்டி முடித்து, ஆர்.சி.யிலிருந்து லோன் கம்பெனி பெயரை நீக்கி, அந்தப் புக்கை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போய்க் காட்டினேன். தடவிப் பார்த்தார். "இதுவரைக்கும் ஸ்டீயரிங் மட்டும்தாம்மா ஒன்னுது. இன்னிலேர்ந்து டயரும் ஒன்னுது" என்றார்.

அவர் போன அன்று அவர் தெருவுக்குள் என் வண்டியைத் திருப்ப முடியவில்லை. இரண்டு பக்கமும் ஸ்கூட்டி, ஆட்டோ, நடுவில் ஒரு சிவப்புக் கார். ஓட்டி வந்தவர்கள் எல்லாம் பெண்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாருக்குப் பின்னாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்திருக்கும் என்று தெரியும். உள்ளே பாயின் மனைவி பாபி எங்களைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகை கொஞ்சம் அடங்கியதும் கஸ்தூரி கேட்டேவிட்டாள், அந்தத் தூக்கம் நிஜமா நடிப்பா என்று.

"எனக்கே தெரியாதும்மா" என்றார் பாபி. "வீட்லயும் அப்பிடித்தான். நான் கோவமா பேச ஆரம்பிச்சா தூங்கிடுவாரு. நான் பேசி முடிச்சதும் எழுந்து, நான் சொன்னத செய்வாரு."

அழுத கண்ணோடு எல்லாரும் சிரித்தோம். வெளியே வந்தபோது அவருடைய பெரிய மகன் என் வண்டி வழியை மறைத்த ஸ்கூட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தான். "செல்விக்கா வண்டி வருது, வழி விடுங்க" என்று தெருவுக்குச் சொன்னான். அன்று ஷோரூமில் பாய் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் மவுத்தாகிவிட்டார். அவர் பிள்ளை வந்து நின்றான். வண்டி என்னுடையது.

அவருடைய படம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஷோரூமில் எடுத்தது. முன்னால் அட்டைச் சாவியோடு நான். பின்னால் சுவரோரமாக, தொப்பி சரிந்து, வாய் லேசாகத் திறந்து அவர். அதை வண்டியில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைனில் வேலை செய்யும் மும்தாஜ் ஸ்கூட்டி வாங்கக் கூப்பிட்டாள். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போனேன். ஷோரூமில் ஒரு புதுத் தம்பி எங்களுக்குப் பின்னால் கதவைப் பார்த்து, "கூட ஆம்பளைங்க வரலையா மேடம்?" என்றார்.

நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து மும்தாஜுக்குப் பின்னால், சுவரோரமாகப் போட்டுக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம்கூடத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் கண்ணை மூடினேன்.  பிறகு அந்தத் தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு மும்தாஜிடம் சொல்வது கேட்டது.

"சொல்லுங்க மேடம்."