அம்மா கேட்ட ஒரு வரி

அழைப்பிதழின் கடைசியில் ‘பாராட்டு மடல் வாசித்தளிப்பவர்’ என்று என் பெயரைப் போட்டு, பக்கத்தில் எம்.ஏ. என்றும் போட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் ரேஷன் கார்டுக்கு வெளியே அச்சில் ஏறிய முதல் பெயர் அது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. “எங்கன இருக்கு?” என்று கேட்டு, நான் காட்டிய இடத்தை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தாள். வலது கையில் அந்த ஒரு விரல்தான் தனியாக அசையும். மற்றவை வெந்து ஒட்டிப்போனவை.

விழா எங்கள் ஊராட்சித் தலைவரின் கணவருக்கு. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் மனைவியை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். ஜெயித்த மறுநாளிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தது அவர்தான். ஊர் அவரைத்தான் ‘தலைவரே’ என்று கூப்பிட்டது. ஓட்டு வாங்கியவரைத் ‘தலைவரம்மா’ என்றார்கள், தலைவர் வீட்டம்மா என்ற அர்த்தத்தில். பதவிக்காலம் முடியப்போகிற சமயம் அவருக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்று சில பெரிய மனிதர்கள் கூடினார்கள். அழைப்பிதழில் ‘தலைவர்’ என்று போட்டால் யாராவது மேலிடத்துக்கு மனுப் போட்டுவிடுவார்கள் என்று ‘தலைவரின் துணைவர்’ என்று போட்டார்கள். ‘அன்னாரின் மக்கள் தொண்டையும் விருந்தோம்பலையும் பாராட்டி’ என்று கீழே ஒரு வரி.

விருந்தோம்பல் பொய்யில்லை. கழுகுமலை ரோட்டை ஒட்டிய அந்த வீட்டுக்கு மனுவோடு போன யாரும் சாப்பிடாமல் திரும்பியதில்லை. “வந்தது வந்தீய, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க” என்பார் அவர். அவருடைய விருந்தோம்பல் அந்த ஒரு வாக்கியம். மீதியை உள்ளே தலைவரம்மா செய்தார்.

அம்மாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஊருக்கு மேற்கே கரிசல் காட்டுக்குள் இருந்த ஒரு வெடியாபீஸில் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேலை பார்த்தாள். நான் திருநெல்வேலியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் இருந்த அறையில் மருந்து பற்றிக்கொண்டது. கூட வேலை பார்த்தவர்கள் பயந்து எட்ட நின்றார்கள். பக்கத்துக் கண்மாயில் நூறு நாள் வேலையைப் பார்க்க வந்திருந்த தலைவரம்மாதான் ஓடி வந்து, நனைத்த சாக்கை மேலே போட்டு அம்மாவை இழுத்தார். வீட்டுக் குட்டியானை வண்டியின் பின்னால் ஏறி, அம்மாவை மடியில் கிடத்திக்கொண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து திருநெல்வேலிக்கு. ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அம்மாவின் முன்கைத் தோல் அந்தம்மாள் சேலையோடு போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அதே சேலையோடு வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் கணவர் அன்று விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மூன்றாம் நாள் ஆப்பிளோடு வந்தார். அம்மாவின் இரண்டு கையும் கட்டுக்குள் இருந்ததால் பையை அவள் வயிற்றின் மேல் வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் இருப்பது அந்தப் படம்தான்.

மடல் எழுதுவது நான் என்று தெரிந்ததும் அம்மா கேட்டாள்.

“ஏலே, அந்தம்மா என்னயத் தூக்குனத எழுதுவியால்லா?”

“விழா அவருக்கும்மா.”

“அவருக்குத்தான், யாரு இல்லேங்கா? ஆயிரம் வரி அவருக்கு எழுது. ஒத்த வரி அந்தம்மாவுக்கு எழுது. அவிய பேரு மைக்குல வரணும், நான் கேக்கணும். என்னால வேற என்னலே செய்ய முடியும் அவியளுக்கு?”

எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுதவும் செய்தேன். ‘தீயில் வெந்த தொழிலாளியைத் தம் மடியில் தாங்கி உயிர் காத்த ஊராட்சித் தலைவர் அம்மையாரின் அன்புத் துணைவரே’ என்று அவரைப் புகழுகிற சாக்கில், ‘அம்மையார்’ என்பதற்கு முன்னால் அந்தம்மாளின் பெயரையும் சேர்த்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மடலைக் காட்டத் தலைவரின் கணவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அந்த வெடியாபீஸ் முதலாளியும் இருந்தார். விழாவுக்குத் தலைமை அவர். கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடமும் நடத்துகிறார். அங்கே எனக்குத் தமிழாசிரியர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். தலைவரின் கணவர் மடலை மூக்குக்கு அருகில் வைத்து முழுவதும் படித்தார்.

“மடியில தாங்குனதுன்னு எழுதுன பாரு, கண்ணு கலங்கிருச்சு தம்பி. அத எம் பேருக்கு மாத்திரு.”

“அன்னைக்கு நீங்க விளாத்திகுளத்துல இருந்தீங்க.”

“வண்டி யாரு வண்டி?”

“உங்க வண்டி.”

“பொண்டாட்டி யாரு பொண்டாட்டி?”

அவரே மடலை என் பக்கம் நீட்டினார்.

“அப்பத் தூக்குனது யாரு?”

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். “தலைவர் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒங்கம்மாவையே மேடைக்கு ஏத்திப் பொன்னாடை போத்தச் சொல்லுவோம் தம்பி. முழுக்கை ஜாக்கெட் போட்டு வரச் சொல்லு. விருந்து வைக்கிற எடம். கையப் பாத்தா சனத்துக்குச் சாப்பாடு எறங்காது.” கொஞ்சம் விட்டு, “ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குதுல்லா?” என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். நிமிர்ந்தபோது தலைவரம்மா டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மூவருக்கும் டீயை வைத்துவிட்டு, “ஒங்கம்மாட்ட சொல்லிட்டியா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“சொல்லிக்கிடுதேன்.”

“டீ ஆறுது, குடி” என்று உள்ளே போனார்.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. மேடைக்கு அதுதான் மரியாதை என்று சொல்லி முழுக்கை ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன்.

கோவில்பட்டியில் கல்யாண மண்டபம் ஒன்றில் விழா. மேடையில் ஐந்து நாற்காலி. ஊராட்சித் தலைவருக்கு நாற்காலி இல்லை. விருந்தோம்பலுக்கு எடுக்கிற விழாவில் வெளிச் சமையல்காரன் கை படக்கூடாது, எங்கள் வீட்டுக் கைப்பக்குவம்தான் இருக்க வேண்டும் என்று அவர் கணவர் சொல்லிவிட்டதால் தலைவரம்மா பின்கட்டில் அண்டாக்களுக்கு நடுவே இருந்தார். மேடையில் பேசுவது சமையல்கட்டுக்கும் கேட்க வேண்டும் என்று ஒரு ஸ்பீக்கர் பெட்டியை அங்கேயும் வைத்திருந்தார்கள்.

அம்மா முதல் வரிசையில் இருந்தாள். முழுக்கைக்குள் வியர்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன். ‘தீயில் வெந்த தாயைத் தம் மடியில் தாங்கிய மாமனிதரே’ என்ற இடம் வந்ததும் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். கைதட்டல் வந்தது. அம்மா தட்டவில்லை. இன்னும் ஒரு வரி இருக்கும் என்று காத்திருக்கிற முகம். நான் ‘நன்றி, வணக்கம்’ என்றபோது அந்த முகம் மாறியதைப் பார்த்தேன்.

அதற்குள் அவளை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்தாள். பொன்னாடையின் பிளாஸ்டிக் உறையை ஒற்றை விரலால் பிரிக்க முடியாமல் திணறினாள். முதலாளி பிடுங்கிப் பிரித்துக் கொடுத்தார். கேமராக்காரன், “அம்மா, இங்கன பாத்துச் சிரிங்க” என்றான். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு போர்த்தினாள்.

யாரோ மைக்கை நீட்டி, “உயிர் குடுத்த தெய்வத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லுங்கம்மா” என்றார்கள்.

“தலைவரம்மாவ எங்க?” என்றாள் அம்மா. மண்டபம் முழுவதும் கேட்டது.

தலைவரின் கணவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “பாத்தீங்களா, மேடையில நின்னுகிட்டும் சாப்பாட்டு நெனப்பு. அவ அடுப்படியிலதான் நிக்கா மதினி. ஒங்க எலைக்கு ரெண்டு துண்டு கூட வைக்கச் சொல்லுதேன், போங்க.”

மண்டபமே சிரித்தது. முதலாளி மேஜையைத் தட்டிச் சிரித்தார். நானும் மேடையில்தான் நின்றேன். சிரித்தேனா என்று இப்போது நினைத்தால் எனக்கே நிச்சயமில்லை. படத்தில் என் பல் தெரிகிறது.

அம்மா பந்திக்குப் போகாமல் நேரே சமையல்கட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். தலைவரம்மா கரண்டியோடு நின்றார், புகையில் கண் சிவந்திருந்தது.

“ஒம் பேரு வரலயே தாயி” என்றாள் அம்மா. “கடைசி வரைக்கும் காதைக் குடுத்துக்கிட்டு இருந்தேன். எழுதுதேன்னு எம் மவன் எங்கிட்ட சொன்னான்.”

தலைவரம்மா என்னை ஒருமுறை பார்த்தார். “எழுதித்தான் கொண்டாந்தான் மதினி. நாந்தான் எடுத்துருன்னு சொன்னேன். எனக்கு எதுக்கு அதெல்லாம்? புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க.”

இலையில் கேட்காமலே ஒரு துண்டு கூட வைப்பதுபோல அதைச் சொன்னார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஆமாவாலே?”

“ஆமாம்மா” என்றேன்.

அம்மா அந்தம்மாளைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “ஒனக்கு வேண்டாம், சரி. எனக்கு வேணுமா வேண்டாமான்னு யாரக் கேட்ட? அந்தாளுக்கு எங்கையால போத்திட்டு வாரேன். என்னயப் பாத்து ஊரே சிரிக்குது. நீ இங்கன நின்னு கறி கிண்டுத. இதுக்கு அன்னைக்கே என்னய அங்கன போட்டுட்டு வந்திருக்கலாம்.”

தலைவரம்மா கரண்டியை அண்டா விளிம்பில் வைத்தார். பிறகு, “சாப்பிட்டுட்டுப் போங்க மதினி” என்றார். அம்மா சாப்பிடாமல் போனாள். நான் சாப்பிட்டேன். முதலாளி பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார்.

ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா இப்போது கடைக்குப் போக வேண்டுமானால்கூட அந்த வீட்டு வழி போகாமல் சுற்றிப் போகிறாள். பொங்கலுக்குத் தலைவரம்மா ஒரு தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்பினார். மூடியைத் திறக்காமல் அம்மா என்னிடம் நீட்டினாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, கனத்தைக் கையில் பார்த்துவிட்டு, “இன்னும் ஆறல போல” என்றார். பதவி போய், அந்த வீட்டுக்கு மனுவோடு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். “நீயாவது ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ தம்பி” என்று இலையை எடுத்தார். நான் உட்கார்ந்தேன்.

இதை இப்போது எழுதுகிறேன். அச்சில் வந்தாலும் அம்மா படிக்கப்போவதில்லை. நான் வாசித்துக் காட்டினால்தான் உண்டு. சற்றுமுன் பக்கத்தில் வந்து நின்று, “என்னலே எழுதுத, இவ்வளவு நேரமா?” என்று கேட்டாள்.

“பள்ளிக்கூட வேலம்மா.”

தாள் பறக்காமல் ஒரு டம்ளரைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, மேசைக் காற்றாடியை ஒற்றை விரலால் என் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள்.