வழக்கில் நின்ற வீடு

அந்தப் புரட்டாசியில் கிழக்கே ஒரு மேகம் தெரிந்தால் போதும், எனக்குக் கைவேலை ஓடாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுவேன். பாளையங்கோட்டையில் எங்கள் மனையில், நான்கு பக்கமும் சுவர் எழும்பி, கூரை இல்லாமல் ஒரு வீடு நின்றது. செங்கல்லும் செம்மண் சாந்துமாகக் கட்டிய சுவர். கூரை போட்ட பிறகு சுண்ணாம்பு பூசுவதாகப் பேச்சு. அதற்குள் மழை பிடித்தால் சாந்து கரைந்து கல் கல்லாக உதிரும்.

என் கணவர் காலமான பின் நானும் என் மாமியாரும் என் தம்பி வீட்டுப் பின்கட்டில் இருந்தோம். மருமகளின் தம்பி போடும் சோற்றைத் தின்பது மாமிக்குப் பெரிய அவமானம். தம்பி மனைவி ஒரு நாளும் முகம் சுளித்தவள் அல்ல. இருந்தாலும் மாமி இரண்டாம் தடவை குழம்பு கேட்கமாட்டார். "சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்கு வரலாம்ட்டி, குடியிருக்கவா வருவாவ?" என்று என்னிடம் மட்டும் முணுமுணுப்பார். அவருக்காகத்தான் அந்த வீட்டை அத்தனை அவசரமாகத் தொடங்கினேன்.

வேலையை ஒப்பந்தமாக எடுத்தவர் ஆற்றுக்கு அக்கரையில், குறுக்குத்துறைப் பக்கம் இருந்த ஒரு மேஸ்திரி. கூரைக்கு முற்றிய பனைமரத்தில் அறுத்த சட்டம், அதாவது பனங்கைதான் போட வேண்டும் என்று உடன்படிக்கையில் கண்டிருந்தது. ஆடியில் வண்டியில் வந்து இறங்கிய பனங்கைகளைப் போய்ப் பார்த்தேன். வயிரம் ஏறாத இளம்பனை. கறுப்பைவிட வெளுப்பே அதிகம். மேஸ்திரி எதிரில்தான் நின்றார். எனக்கோ அந்நிய ஆண்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. தலையை ஆட்டிவிட்டு வந்து தம்பியிடம் சொன்னேன்.

தம்பி வக்கீல் குமாஸ்தா. எங்கள் அப்பா கலெக்டர் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் எதுவானாலும் காகிதத்தில் எழுதி அனுப்புவதுதான் மரியாதை. பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் பக்கம் சாய்ந்தாலும் ஒரு கடிதம் போகும். அதே பழக்கத்தில் தம்பி தன் வக்கீலிடம் சொல்லி மேஸ்திரிக்கு நோட்டீஸ் அனுப்பினான். மேஸ்திரி ஆட்களை நிறுத்திவிட்டார். பதிலும் வரவில்லை. ஆகையால் முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டோம்.

போட்ட பிறகுதான் சங்கடம் புரிந்தது. கோர்ட்டிலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை சுவரையும் மரத்தையும் இருந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்றார் வக்கீல். விசாரணை தைக்கு முன் வராதாம். பார்த்துவிட்டுப் போன பிறகாவது வேறு ஆளை வைக்கலாம் என்று தம்பி விசாரித்தான். எந்தக் கொத்தனாரும் சம்மதிக்கவில்லை. மூலையில் மேஸ்திரி மட்டம் பிடிக்கக் கட்டிய நூல் அப்படியே இருந்தது. கட்டியவர் வந்து தம் கையால் அவிழ்க்காமல் இன்னொருவர் அந்தச் சுவரைத் தொடுவது அவர்களுக்குள் வழக்கமில்லை.

சுவர்களின் மேல் பனையோலை பரப்பிக் கல் வைத்தேன். காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புளியமரத்தில் மாட்டிவிட்டது. மறுபடி பரப்பினேன்.

மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் சிறிது நேரம் மழை பெய்தது. பள்ளி விட்டதும் ஓடினேன். வடக்குச் சுவரடியில் தண்ணீர் சிவப்பாகத் தேங்கிக் கிடந்தது. அன்றே தம்பியிடம், "பிராதை வாபஸ் வாங்கிருவோம்" என்றேன்.

"என்னக்கா சொல்லுத? நம்ம கேஸு நல்லா இருக்குன்னு வக்கீலே சொல்லுதாரு."

"கேஸு நல்லாத்தான் இருக்கு. சுவருல்லா கரையுது."

"வாபஸ் வாங்கிட்டா இதே விஷயத்துக்குத் திரும்பப் பிராது போட முடியாது. அதுக்கப்புறமும் அந்த மனுசன் வரலைன்னா?"

உள்ளே இருந்து மாமிதான் சொன்னார்: "தை மாசம் நாம ஜெயிச்சிட்டோம்னு சொல்லுவாவ. அந்தத் தீர்ப்பைத் தலைக்கு மேல பிடிச்சிக்கிட்டுப் படுத்துக்கிடுவோம்."

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். தம்பி சிரிக்கவில்லை.

மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றேன். இருந்த ஒரே பிடியையும் விட்டாயிற்று. இனி மேஸ்திரி மனம் வைத்தால்தான் கூரை.

"அவருக்கு நான் ஒரு லெட்டர் எழுதித் தாரேன்" என்றான் தம்பி.

"உம்ம காயிதம் போதும்வே" என்றார் மாமி. "இவளுக்கு வாய் எதுக்கு இருக்கு?"

மாட்டுவண்டி பிடித்து நானும் மாமியும் ஆற்றைத் தாண்டி மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். மேஸ்திரியின் மனைவி மாமிக்குப் பாய் விரித்தாள். மேஸ்திரி எங்களைப் பார்க்காமல், "ரெண்டு பேருதான் வந்தியளா? கோர்ட்டுச் சேவகன் கூட வரலியோ?" என்றார்.

"கேஸை வாபஸ் வாங்கியாச்சு" என்றேன்.

"ஏன்? நான் தோத்துல்லா போயிருப்பேன்!"

"மழை வருது" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் இளகியது. "பனங்கை இளசுதான், எனக்குத் தெரியாதா? வண்டிக்காரன் மாத்தி இறக்கிட்டான். நீங்க அங்கனயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதே வண்டியில திருப்பியிருப்பேன். தலையை ஆட்டிட்டுப் போனிய. பொறவு பார்த்தா நோட்டீஸு வருது. எனக்கு வாசிக்கத் தெரியாது. மருமகன் வாசிச்சான், தெருவே கேக்க."

"அதுல கோபம் ஒண்ணும் இல்ல."

"கோபம் இல்லாமலா வரிக்கு வரி 'தவறினால், தவறினால்'னு எழுதியிருந்தாவ?"

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாதிரி ஐயர் பிரசங்கம் செய்தபோது நான் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு காலையில் மனைக்கு முன்னால் வண்டி நின்றது. அதில் கருங்கல்லைப்போல் கறுத்த பனங்கைகள். மேஸ்திரி பழைய நூலை அவிழ்த்து எறிந்துவிட்டு, "முதல்ல சமையக்கட்டை மூடுவோம். முழு வீட்டுக்கும் மழை காத்திருக்காது" என்றார். அப்படியே ஆயிற்று. சமையற்கட்டுக்கும் அதை ஒட்டிய அறைக்கும் ஓடு வேய்ந்ததும் மாமி மூட்டையைக் கட்டிவிட்டார். புது அடுப்பில் குழம்பு வைத்து, தாமே மூன்று தடவை ஊற்றிக்கொண்டார்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. கூரை இல்லாத முன் அறையின் சுவர் ஒரு விடியற்காலையில் சரிந்தது. தம்பி குடையோடு வந்து, சேற்றில் கிடந்த கல்லைப் பார்த்தான். "இப்ப யாரைக் கேக்க முடியும்? எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தாச்சே" என்றான்.

நான் அவனிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டேன். மாமியைக் கூப்பிடவில்லை. பாலத்தின் கீழே ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று மாற்றி மாற்றி யோசித்தேன். ஒன்றும் நிலைக்கவில்லை. மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே, "அண்ணாச்சி, முன் சுவரு விழுந்துட்டு. வந்து பாருங்க" என்றேன்.

"உள்ளயா விழுந்துச்சு, வெளியவா?"

"வெளிய."

"அப்பம் சேத்துலதான் விழுந்திருக்கும், கல்லு அவ்வளவா உடைஞ்சிருக்காது" என்றார். "இருங்க, கையைக் கழுவிட்டு வாரேன்."